கையை எடுத்தால் நிற்குமா?

வீட்டில் ஒரு வைஸும் வெல்டிங் மெஷினும் வைத்திருக்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்களும் பழைய நண்பர்களும் ஒரே கேள்வியோடு வருவார்கள். "ஏஜி ஃபோர் ஒண்ணு வாங்கணும், எந்த கம்பெனி நல்லா உழைக்கும்?" ஏஜி ஃபோர் என்றால் இரும்பை வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டுகிற நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், அதில் சுற்றும் வட்டைத்தான் வீல் என்கிறோம். கேள்வியோடு கூடவே ஆன்லைன் கடையிலிருந்து நாலைந்து படங்களும் வரும். எல்லாம் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு வேறு. விலை ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி நாலாயிரம் வரை போகும். முன்பெல்லாம் நான் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். சொன்ன பெயரிலும் தப்பில்லை. பாஷ், மக்கிட்டா, டிவால்ட், 2018 வரை ஹிட்டாச்சி என்ற பெயரில் வந்த ஹைகோக்கி, நம் நாட்டுக் கேபிடி என எதை வாங்கினாலும் வீட்டுக் கேட்டுக்கும் மாடித் தோட்டத்து ஸ்டாண்டுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் "நல்லா உழைக்குமா" என்பது பாதிக் கேள்விதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. மீதிப் பாதியை வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதில்லை, பெட்டியில் அச்சடிப்பதும் அபூர்வம்.

பெட்டியில் பெரிதாக இருப்பது வாட் கணக்கு. 670, 720, 850, 1,000. எண் பெரிதாக இருந்தால் மெஷின் பெரிது என்று எடுத்துக்கொள்கிறோம். அது மெஷின் சுவரிலிருந்து இழுக்கும் கரண்ட்டின் கணக்கு. வீலுக்குப் போய்ச் சேருவது அதில் ஏறத்தாழப் பாதி, நல்ல மெஷினில் கொஞ்சம் கூடுதல். மீதி சூடாகவும் சத்தமாகவும் கியர் உரசலாகவும் போய்விடும். ஊர் பேர் தெரியாத கம்பெனி 1,000 வாட் என்று போட்டிருப்பதும், பெயர் உள்ள கம்பெனி 700 வாட் என்று போட்டிருப்பதும் எல் ஆங்கிளில் வைத்து அழுத்தினால் ஒன்றுபோல மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு 700க்கும் 850க்கும் நடுவில் எது கிடைத்தாலும் சரி. இதற்கு மேல் வாட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அளவு விஷயத்தில்தான் யூடியூப் ஆளைக் குழப்புகிறது. அமெரிக்கக்காரர்கள் காட்டுவது நாலரை இஞ்ச் மெஷின். அவர்கள் கரண்ட் 120 வோல்ட், வீலை மாட்டுகிற தண்டான ஸ்பிண்டிலின் மரையும் அவர்களுக்கு வேறு. ஐரோப்பாவில் 115, 125 மில்லிமீட்டர். நம் ஊரில் பட்டறைக்குப் பட்டறை இருப்பது 100 மில்லி, அதாவது நாலு இஞ்ச். வீலின் நடு ஓட்டை 16 மில்லி. அஞ்சு இஞ்ச் வீலுக்கு ஓட்டை 22 மில்லிக்கும் மேல், அதை இதில் மாட்ட முடியாது, இதை அதில் மாட்ட முடியாது. அஞ்சு இஞ்ச் மெஷின் உண்மையிலேயே சௌகரியமானது. வெட்டு ஆழமாகப் போகும், வீல் சீக்கிரம் தேயாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி வீல் உடைந்துபோய், தெருமுனையில் பெயிண்ட்டும் ஆணியும் விற்கிற கடைக்கு ஓடினால் அங்கே இருப்பது நாலு இஞ்ச் மட்டும்தான். அதனால் நாலு இஞ்ச் என்று நான் முடிவு செய்து ரொம்ப நாளாகிறது. ஏழு, ஒன்பது இஞ்ச் மெஷின்கள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அவை உதறினால் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்த எல்லோராலும் முடியாது.

காயில் கட்டும் கடையில்

நான் இருப்பது திருச்சி. 1965இல் பெல் (BHEL) தொழிற்சாலை வந்ததிலிருந்து துவாக்குடியும் அரியமங்கலமும் இரும்பு வேலைக்குப் பழகிப்போன ஊர்கள். வெல்டிங்குக்கு என்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் 1975இல் இங்கே வந்தது. தண்ணீர்த் தொட்டி மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குப் போனால் பாதி இடத்தைக் கிரைண்டர் ஆர்மேச்சர்கள், அதாவது மோட்டாருக்குள் சுற்றுகிற, கம்பி சுற்றிய பாகங்கள், அடைத்திருக்கும். பாலக்கரைப் பக்கம் அப்படி ஒரு கடை வைத்திருக்கும் அண்ணனிடம்தான் மெஷின் எப்படிச் சாகிறது என்பதைக் கற்றுக்கொண்டேன். ஒரு மெஷின் நல்லதா என்று அறிய, அது ஓடுவதைப் பார்ப்பதைவிட, எரிந்துபோன பிறகு திறந்து பார்ப்பது மேல் என்பார் அவர்.

திறந்து காட்டுவார். பச்சைக் கம்பி கறுத்து, வார்னிஷ் வாடை அடிக்கும். "கம்பெனி மேல பழி போடுவாங்க. இது அமுக்கிப் பிடிச்சதால எரிஞ்சது" என்பார். மோட்டாரைக் குளிர வைக்கிற விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. சும்மா ஓடும்போது வீல் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. அவசரத்தில் நாம் அழுத்தினால் சுற்று குறையும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடு ஏறும். காற்று கூடுதலாகத் தேவைப்படுகிற அந்த நேரத்தில் விசிறியும் மெதுவாகச் சுற்றும். ஆயுதபூஜைக்குள் கேட்டை முடித்தாக வேண்டும் என்று ஒரே மூச்சில் வெட்டிவிட்டு, சுவிட்சைத் தட்டி, கொதிக்கிற மெஷினை அப்படியே தரையில் வைத்தால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை. கனமாக வெட்டிய பிறகு அரை நிமிஷமாவது வெறுமனே ஓடவிட்டு அணைக்க வேண்டும். இதை எந்தக் கடையிலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இரண்டாவது எதிரி தூசி. முன்னால் பறக்கிற இரும்புத் தூளைப் பின்னால் இருக்கிற காற்றுத் துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. இரும்புத் தூள் கரண்ட்டைக் கடத்தும். கல் தூசி கம்பி மேல் இருக்கும் பூச்சைச் சுரண்டும். நல்ல மெஷினில் காயில் மேல் பிசினைக் கெட்டியாகப் பூசியிருப்பார்கள், விரலால் தடவினால் கம்பியின் வரிகள் தெரியாது. மலிவானதில் கம்பிகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னார். அப்புறம் பேரிங், கியர், கியர்ப் பெட்டியில் போட்ட கிரீஸ். மூன்றாவது காரணம் ஒயர். கொல்லைப்புறத்துக்குச் சன்னல் வழியாக மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை முப்பது அடி இழுத்தால் மெஷினுக்குப் போய்ச் சேருகிற வோல்ட் குறையும், மெஷின் திணறும், நாம் இன்னும் அழுத்துவோம். ஒன்றரை ஸ்கொயர் எம்எம் ஒயர் வாங்கியவன் மெஷினுக்கு ஆயுள் வாங்கியவன்.

அவருடைய கணக்கில் நம்பகமான மெஷின் என்றால் இதுதான்: ஆர்மேச்சரில் உரசிக் கரண்ட்டைக் கொடுக்கிற கார்பன் நூறு ரூபாய்க்குள் எல்லாக் கடையிலும் கிடைக்க வேண்டும், வெளியிலேயே ஒரு மூடியைத் திருகி அதை மாற்ற முடிய வேண்டும், ஆர்மேச்சரும் அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற ஃபீல்டு காயிலும் ஊருக்குள் கிடைக்க வேண்டும், உள்ளே சிக்கலான சமாச்சாரம் எதுவும் இருக்கக் கூடாது. "மதியம் குடுத்தா சாயங்காலம் வாங்கிட்டுப் போகணும் தம்பி. அதுதான் மெஷின்." நானும் நெடுநாள் இந்தக் கணக்கில்தான் இருந்தேன். இப்போதும் இதில் எதையும் தள்ளிவிட மாட்டேன்.

அரியமங்கலத்தில் ஒரு மின்வெட்டு

2012 கோடை நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நிச்சயம் இருக்கும், ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலம். பட்டறைக்காரர்கள் கரண்ட் இருக்கிற மணிக் கணக்கை வைத்துத்தான் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அரியமங்கலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கிரில் பட்டறையில் எங்கள் வீட்டுச் சன்னல் கிரில் தயாராகிக்கொண்டிருந்தது. அளவு சரிபார்க்கப் போயிருந்தேன். உள்ளே ஒரு பையன் யாருடைய கேட்டுக்கோ வெல்டிங் தடிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காது அடைக்கும் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. விசிறியும் நின்றது. "போச்சுடா" என்று யாரோ சொன்னார்கள். பையன் கையிலிருந்த மெஷினை, இருந்தபடியே, கேட்டுக்குப் பக்கத்தில் இரும்புப் பிளேட் மேல் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் தள்ளு சுவிட்ச் முன்னால் தள்ளி மாட்டியபடியே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, மெஷின்தான் நின்றுவிட்டதே. கரண்ட் வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று எல்லோரும் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம்.

அன்றைக்கு என்ன கணக்கோ, டீ கைக்கு வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம். ஆள் இல்லாத பட்டறைக்குள் கிரைண்டர் உயிர்பெற்று, பிளேட்டை உதைத்துக்கொண்டு கீழே குதித்து, தரையில் பொறி பறக்க ஓடியது. ஓடுகிற ஓட்டத்தில் ஒயர் அதன் மேலேயே சுற்றியது. கேட்டைத் தாங்கியிருந்த இரும்புக் குதிரையின் காலில் போய் மோதியதும் வீல் வெடித்துத் துண்டுகள் தகரச் சுவரில் அடித்த சத்தம் டீக்கடை வரை கேட்டது. முதலாளி ஓடிப்போய் மெயினை அணைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் யாரும் அங்கே இல்லை. ஒரு நிமிஷம் முன்னால் அந்தப் பையன் அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், லுங்கியோடு.

முதலாளி திட்டினார். "கரண்ட் போனா பிளக்கப் புடுங்குன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்புறம் மெஷினை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். உடம்பில் இரண்டு கீறல், அவ்வளவுதான். வேறு வீல் மாட்டினார்கள், கம்மென்று ஓடியது. அன்று சாயங்காலமே அந்தக் கேட்டை அதே மெஷினால் முடித்தார்கள். "பத்து வருஷ மெஷின் சார், இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று முதலாளி என்னிடம் பெருமையாகவே சொன்னார்.

அந்தப் பெருமைதான் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. பேர்போன கம்பெனி மெஷின், ஆர்மேச்சர் மாற்றாமல் பத்து வருஷம், காயில் கட்டும் அண்ணனின் கணக்குப்படி முதல் தரம். எறிந்தாலும் உடையாது, இடித்தாலும் நிற்காது. நிற்காது என்பதுதான் சிக்கல். ஓட வேண்டிய நேரத்தில் ஓடுகிறதா என்று மட்டுமே இத்தனை காலம் பார்த்திருக்கிறோம். ஓடக் கூடாத நேரத்தில் சும்மா கிடக்குமா என்பதை அந்தப் பட்டறையில் மெஷின் கவனித்துக்கொள்ளவில்லை. அந்தப் பையனின் ஞாபகசக்திதான் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மதியச் சூட்டில், பசி நேரத்தில், மின்வெட்டு நாளில் ஒருவனுடைய ஞாபகசக்தி.

இப்போது அந்த அளவுக்கு மின்வெட்டு இல்லையே என்று கேட்கலாம். மாதம் ஒரு பராமரிப்பு நாள், மழைக்கு ஒரு தடை, இவை போதும். அதைவிட, வீடு பட்டறையைக் காட்டிலும் மோசமான இடம். பட்டறையில் பிளக் கண் முன்னால் இருக்கும். வீட்டில் பிளக் ஹாலில் இருக்கும், ஆள் கொல்லையில் இருப்பார். வெட்டு வேகத்தில் எம்சிபி விழுந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் லூசாகி நின்றிருக்கும். மெஷின் ஏன் நின்றது என்று புரியாமல் வீலைக் கையால் சுற்றிப் பார்க்கிற நேரத்தில், உள்ளே யாராவது நல்லெண்ணத்தோடு சுவிட்சைப் போடுவார்கள். நாலு இஞ்ச் வீலின் விளிம்பு 11,000 சுற்றில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது.

போர்டா, நெம்புகோலா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சில மெஷின்களில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், சுவிட்ச் போட்டபடியே இருந்தாலும் மோட்டார் ஓடாது. ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் ஓடும். உள்ளே ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு இதைப் பார்த்துக்கொள்கிறது. அதே போர்டு பெரும்பாலும் மெஷினை மெதுவாகக் கிளப்பும், அதிகமாக அழுத்தினால் நிறுத்தும், சிலவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் விடும். கொஞ்சம் விலை அதிகம்.

பாலக்கரை அண்ணனிடம் கேட்டேன். அவர் முகம் சுளித்தார். "போர்டு போச்சுன்னா நான் என்ன பண்றது? கம்பெனி சர்வீஸுக்குத்தான் போகணும். பார்ட் வரட்டும்னு உக்காந்திருக்கணும். இங்க வர்றவன் பாதிப் பேரு, போர்ட எடுத்துட்டு டைரக்டா குடுத்துருங்கன்னுதான் கேக்கறான்." அவர் சொல்வதும் நியாயம். தினம் எட்டு மணி நேரம் மெஷினை ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இரண்டு நாள் மெஷின் இல்லையென்றால் இரண்டு நாள் கூலி இல்லை. அவனுக்கு எளிமைதான் நம்பகம். எனக்கு? நான் மாதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் அதிகம். என் மெஷின் வாரக் கணக்கில் சர்வீஸ் சென்டரில் கிடந்தால் கேட் தாழ்ப்பாள் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் தினமும் ஓட்டுகிறவனுக்கு இருக்கும் கைப்பழக்கம் எனக்கு இல்லை. மெஷினின் உதறலை அவன் கை மூளைக்கு முன்னால் உணர்ந்துவிடும். என் கை உணராது. பட்டறைக்காரரிடம் போய் "எது நல்ல மெஷின்" என்று கேட்டு அதையே வாங்குவதில் உள்ள கோளாறு இதுதான். அவர் தன் வாழ்க்கைக்குப் பதில் சொல்கிறார்.

இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் சமாதானப்படுத்துகிற ஒரு மெஷின் உண்டு. சுவிட்ச் பக்கவாட்டில் இருக்காது, பிடிக்கும் இடத்தின் அடியில் நீளமான நெம்புகோலாக இருக்கும். பேடில் சுவிட்ச் என்பார்கள். ஒரு சின்னக் கொக்கியை விலக்கி, உள்ளங்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஓடும். பிடி தளர்ந்தால் கரண்ட் துண்டாகிவிடும். கீழே வைக்க வேண்டுமென்றால் கையை எடுத்தாக வேண்டும், கையை எடுத்தால் அணைந்தாக வேண்டும். அதன் பிறகு கரண்ட் எத்தனை முறை போய் வந்தாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். உள்ளே போர்டு தேவையில்லை, வெறும் ஸ்பிரிங்கும் சுவிட்சும்தான், எந்தக் காயில் கடையிலும் மாற்றிவிடலாம். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அது பரவால்ல, ஆனா கை வலிக்கும்னு எவனும் வாங்க மாட்டான்" என்றார். வாங்கினாலும் நெம்புகோலைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார், நானும் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கத் தேய்ப்பவர்களுக்கு அந்த வலி நிஜம். பத்து நிமிஷம் வெட்டிவிட்டு டேப்பை எடுத்து அளக்கிற நமக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பேடில் சுவிட்சிலும் அழுத்திய நிலையிலேயே பூட்டிவைக்கிற லாக் உள்ள மாடல்கள் வருகின்றன. லாக் இருந்தால் வாங்கியதில் அர்த்தமில்லை.

கையை எடுத்ததும் வீல் உடனே நிற்காது, சில விநாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். உடனே நிறுத்துகிற பிரேக் உள்ளவையும் உண்டு. பேட்டரி மெஷின்கள் பலவற்றில் பிரேக்கும், தானாகத் திரும்ப ஓடாத வசதியும் சேர்ந்தே வருகின்றன, ஒயர் தொல்லையும் இல்லை. ஆனால் பேட்டரி, சார்ஜரோடு சேர்த்து நல்லது ஒன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் ஆகிறது. ஏற்கெனவே அதே கம்பெனி பேட்டரி டிரில் வைத்திருப்பவர் வெறும் மெஷினை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இப்போதைக்கு ஒயர்தான்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இதனால்தான் ஏஜி ஃபோரை ஆன்லைனில் வாங்காதே என்கிறேன். விலை இருநூறு முந்நூறு குறையும், ஆனால் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. கடைக்காரர் வீல் இல்லாமல் மெஷினைக் கொடுப்பார். முதலில் தானாகத் திரும்ப ஓடுமா என்று பாருங்கள். பிளக்கைச் செருகாமல் சுவிட்சை முன்னால் தள்ளி மாட்டிவிட்டு, மெஷினை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைக்காரரைப் பிளக்கைச் செருகச் சொல்லுங்கள். குப்பென்று கிளம்பினால் அரியமங்கலத்து மெஷினின் தம்பி அது. கிளம்பாமல் இருந்தால் உள்ளே போர்டு இருக்கிறது. விற்பனையாளர் பாதிப் பேருக்கே இது தெரியாது, வேடிக்கை பார்ப்பார்கள்.

பிறகு ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் காற்றுத் துளை வழியாக உள்ளே பாருங்கள். கார்பன் தொடுகிற இடத்தில் சின்ன நீலப் பொறிகள் இருந்தால் சரி. கார்பன் உரசுகிற செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் புது மெஷினாக இருந்தாலும் வேண்டாம். அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கி, ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. ஒயர் ரப்பராக இருந்தால் நல்லது, விறைப்பான பிளாஸ்டிக் ஒயர் வெயிலில் வெடித்துவிடும். கையில் பிடிக்கும் இடம் உங்கள் விரல்களுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது வாட்டைப் பார்ப்பதைவிட முக்கியம். பெருத்த உடம்பு மெஷின் பத்து நிமிஷத்தில் மணிக்கட்டை ஒடித்துவிடும். பக்கக் கைப்பிடி கூட வருகிறதா, இடது பக்கமும் மாட்டலாமா என்பதும் கணக்கில் சேரும். இடது கைப் பழக்கம் உள்ளவர்களை எந்த விளம்பரமும் கண்டுகொள்வதில்லை.

கார்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வீலின் பாதியை மூடுகிற அந்தத் தகர மூடிதான் நம் பட்டறைகளில் முதலில் கழற்றி எறியப்படும் பாகம். அதற்குத் திமிரை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். பல மெஷின்களில் கார்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டுமென்றால் ஸ்குரூடிரைவர் தேட வேண்டும், திருகைத் தளர்த்த வேண்டும், மறுபடி இறுக்க வேண்டும். மூலையில் வேலை வரும்போது இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? கழற்றிவிடுவார்கள், அது மறுபடி மாட்டப்படவே படாது. கையால் ஒரு கொக்கியைத் தட்டித் திருப்புகிற கார்டு உள்ள மெஷினில் அது மாட்டியபடியே இருக்கும். அதனால் கடையில் கார்டைத் திருப்பிப் பாருங்கள். டூல் இல்லாமல் திரும்பினால் நூறு, இருநூறு அதிகம் கொடுத்தாலும் தகும்.

கார்டு இல்லாத மெஷினைப் பார்த்ததும் சிலருக்கு வருகிற யோசனைதான் எனக்குப் பயம். மேலே இடம் இருக்கிறதே என்று, ஓட்டை பொருந்தாவிட்டாலும் பெரிய வீலை எப்படியாவது மாட்டப் பார்ப்பார்கள். ஏழு இஞ்ச் வீல் நிமிஷத்துக்கு 8,500 சுற்று வரை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். நாலு இஞ்ச் மெஷின் 11,000 சுற்றுகிறது. வேகம் இப்படி முப்பது சதவீதம் அளவுக்குக் கூடினால், வீலைப் பிய்த்து எறியப் பார்க்கும் விசை அறுபது சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். மரம் அறுக்க என்று பல் வைத்த பிளேடை இதில் மாட்டுவதும் இதே ரகம். பல் மரத்தில் சிக்கியதும் மெஷின் மொத்தமும் ஆளை நோக்கித் திரும்பும்.

கண்ணாடி, லுங்கி பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கண்ணில் இரும்புப் பொறி விழுந்தால் பேப்பர் ஓரத்தை மடித்து எடுத்துவிடுகிற கைராசிக்காரர் எல்லாப் பட்டறையிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் போகாதீர்கள். துகள் வெளியே வந்துவிட்டாலும் அதன் துரு கருவிழியில் வளையமாகத் தங்கிவிடும், அதைக் கண் டாக்டர்தான் எடுக்க முடியும். டைல்ஸ் பதித்த தாழ்வாரத்தில் இரும்பு வெட்டுகிறவர்கள் மறுநாள் காலையில் தரையைப் பார்த்தால் துருப் புள்ளிகளாக இதே காரியத்தைக் காணலாம். பொறி உருகிப் பதிந்துவிடும், எந்த ஆசிட்டுக்கும் முழுசாகப் போகாது. பொறி விழுகிற பக்கம் சாக்கை நனைத்து விரித்துவிட்டு வேலைக்கு உட்காருங்கள்.

வீல்

மெஷினுக்கு மூவாயிரம் கொடுக்க யோசிக்காத ஆள் வீலில் ஐந்து ரூபாய் பேரம் பேசுவார். வெடிப்பது மெஷின் இல்லை, வீல். இரும்பை வெட்ட ஒரு மில்லி கனமுள்ள மெல்லிய வீல் போதும், சீக்கிரம் வெட்டும், சூடும் குறைவு. ஆனால் அதைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது, அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. தேய்க்க ஆறு மில்லி கிரைண்டிங் வீல் அல்லது உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய ஃபிளாப் டிஸ்க். எவர்சில்வர் வெட்ட அதற்கென்று வருகிற வீலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாதா இரும்பை வெட்டிய வீலால் எவர்சில்வரை வெட்டினால் வெட்டிய இடம் துருப்பிடிக்கும், அப்புறம் எவர்சில்வரே மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

வீலின் நடுவில் ஒரு உலோக வளையம் இருக்கும். நல்ல வீல்கள் பலவற்றில் அந்த வளையத்திலேயே ஒரு மாதமும் வருஷமும் பொறித்திருப்பார்கள். அதற்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்று அர்த்தம், பொதுவாகச் செய்த நாளிலிருந்து மூன்று வருஷம். துகள்களைப் பிடித்துவைத்திருப்பது பிசின். ஈரமும் காலமும் அதன் பிடியைத் தளர்த்திவிடும். ஒரு மழைக்காலம் முழுக்கத் தரையோரம் கிடந்த வீலை நான் தூக்கிப் போட்டுவிடுகிறேன், தேதி இருந்தாலும்.

போன மாதம் மேலப்புலிவார்டு ரோட்டில் ஒரு கடையில் பத்து வீல் கேட்டேன். தூசி படிந்த டப்பாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார். வளையத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன், முந்தின வருஷமே முடிந்திருந்தது. "தேதி போயிடுச்சு அண்ணே, வேற இருக்கா?" என்றேன். "தேதியா? இதென்ன பால் பாக்கெட்டா?" என்று சிரித்தார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு வீலை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். உள்ளே இருந்த பையனிடம், "டேய், புது பாக்ஸ் ஒடைடா" என்று சத்தம் போட்டார். பழைய டப்பாவை மட்டும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்.